நிறுத்தி வைத்த கேம்பர் வேனில் நாலே நாளில் பேட்டரி இறங்குகிறது. ஆல்டர்னேட்டர் டயோடா?

விவரம் தெரிந்த அண்ணன்மார்களுக்கு வணக்கம். இடம் காரைக்குடி. வண்டி, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பராக மாற்றிய பழைய டெம்போ டிராவலர். பேட்டரி 12 வோல்ட், 80 ஆம்பியர் அவர், போட்டு எட்டு மாதம்தான். முழு சார்ஜில் 12.7 வோல்ட். நாலு நாள் நிறுத்தினால் 12.0க்கு வந்து, ஸ்டார்ட்டர் 'டிக்' என்பதோடு சரி. ஓடும்போது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுற்றும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம்) தரும் சார்ஜிங் 14.2 வோல்ட் இருக்கிறது, அதனால் சார்ஜ் ஏறவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

சாவியை எடுத்து, கதவெல்லாம் சாத்தி, பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் பாயின்ட்டில் வைத்தால் 0.6 காட்டுகிறது. ஒரு நாளைக்கு 14 ஆம்பியர் அவருக்கு மேல் போகிறது! 0.05 வரை என்றால் கவலையில்லை. ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கியும் 0.5. பேட்டரியில் நேராகக் கொடுத்திருந்த இன்வெர்ட்டரைக் கழற்றியதும் 0.45. ஆக, ஃபியூஸே இல்லாத லைனில்தான் கசிவு. காலையில் வண்டி எடுக்குமுன் தொட்டால் ஆல்டர்னேட்டர் லேசாகச் சுடுகிறது, அதனால் அதற்குள் கரண்டைத் திரும்பி வரவிடாமல் தடுக்கும் டயோடு மேல்தான் சந்தேகம்.

அடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் வயரை (பேட்டரி பாசிட்டிவுக்குப் போகும் மெயின் வயர்) எடுத்து, நுனியில் டேப் சுற்றி, மறுபடி அளக்கப் போகிறேன். பூஜ்யத்துக்கு வராவிட்டால் ஸ்டார்ட்டர் பக்கம் தவிர வேறு எங்கே பார்ப்பது? டயோடு பிளேட்டை மட்டும் மாற்றித் தரும் ஆட்டோ எலக்ட்ரீசியன் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கிறாரா? கடையில் முழு ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். அதுவரை நெகட்டிவில் கட்-ஆஃப் சுவிட்ச் போட்டால் போதுமா?