அல்டிமேட் ஸ்பைடர்மேன் 24-ஆம் இதழோடு முடிகிறதாமே, உங்களுக்குச் சரியாகப் படுகிறதா? (ஸ்பாய்லர் உண்டு)

தாடிக்கார பீட்டர் 2025-இல் எழுதியது:

நண்பர்களே, செய்தியைப் பார்த்திருப்பீர்கள். மார்வெல் காமிக்ஸில் ஜொனாதன் ஹிக்மன் எழுதும் அல்டிமேட் ஸ்பைடர்மேன் 24 இதழோடு சரி. அது மட்டுமா? எக்ஸ்-மென், பிளாக் பாந்தர், வுல்வரின், அல்டிமேட்ஸ் என்று ‘அல்டிமேட்’ என்கிற அந்தத் தனிக் கதையுலகத்தின் கடையையே மொத்தமாக இழுத்து மூடுகிறார்கள். டெனிஸ் கேம்ப் எழுதும் ‘அல்டிமேட் எண்ட்கேம்’ ஐந்து இதழில் எல்லாவற்றையும் முடித்துவைக்குமாம்.

நான் 2024 ஜனவரியில் முதல் இதழ் வந்ததிலிருந்து இதைப் படிக்கிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் ஸ்பைடர்மேன் பக்கமே போகவில்லை. பீட்டர் காலேஜ் பையன் மாதிரியே வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருப்பான், எனக்கோ வீட்டுக்கடன் தவணை வந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் பேச்சு அற்றுப்போயிருந்தது. இந்தத் தொடரில் அவனுக்கு 35 வயது. தாடி. மேரி ஜேனோடு கல்யாணம் ஆகி ரிச்சர்ட், மே என்று இரண்டு பிள்ளைகள். அந்த வயதில் டோனி ஸ்டார்க்கிடமிருந்து ஒரு உருண்டை வருகிறது, கூடவே ஒரு சேதி: உன் வாழ்க்கையை ஒருவன் திருடிவிட்டான், வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள். முதல் இதழின் கடைசிப் பக்கங்களில் அவனே விரும்பித் திறந்து சிலந்திக் கடியை வாங்கிக்கொள்கிறான். பதினைந்து வயதுப் பையனை விபத்தாகக் கடித்த சிலந்தியும் இதுவும் ஒன்றா? மனைவி பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவன் தெரிந்தே போய் மாட்டிக்கொள்கிறான். அங்கேயே நான் விழுந்துவிட்டேன்.

நான்காம் இதழை என் மனைவியிடம் கொடுத்தேன். பீட்டர், மேரி ஜேன், நண்பன் ஹாரி, அவன் மனைவி க்வென் நான்கு பேரும் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்களே, அந்த இதழ். டேவிட் மெஸ்ஸினா வரைந்தது. ‘இதில் சண்டையே இல்லையே, இதுவா சூப்பர்ஹீரோ புத்தகம்?’ என்று கேட்டுவிட்டு, அடுத்த இதழ் எங்கே என்று தேடினாள்.

என் கேள்விக்கு வருகிறேன். முதல் இதழை மார்வெல் பல முறை மறுபதிப்பு போட்டது. அப்படி விற்கிற புத்தகத்தை ஏன் நிறுத்த வேண்டும்? இன்னொன்று, இதழுக்கு இதழ் கதையிலும் ஒரு மாதம் ஓடும் என்று வைத்த விதி இரண்டாம் வருஷத்தைக் கெடுத்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. பீட்டரும் ஹாரியும் சேவேஜ் லேண்ட் என்கிற டைனோசர் காட்டில் வேட்டைக்காரன் கிராவனிடம் மாட்டியது, ஹாரி சாவு, க்வென் மிஸ்டீரியோ என்ற வில்லனின் வேஷத்தில் நிற்பது எல்லாமே பெரிய விஷயங்கள். ஆனால் ஒவ்வொன்றின் வலியையும் பார்க்க வேண்டிய இடத்தில் ‘ஒரு மாதம் கழிந்தது’ என்று கதை தாண்டிப் போய்விடுகிறது. உங்களுக்கு அப்படிப் படவில்லையா?

---

கொடுக்குப்பூச்சி பதில்:

ப்ரோ, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஹிக்மன் என்றால் இப்படித்தான். 2019-இல் எக்ஸ்-மென்னை எடுத்து கிராகோவா தீவு, சாகாவரம், தனி நாடு என்று பிரமாதமாகத் தொடங்கினார். 2021-இல் ‘இன்ஃபெர்னோ’ எழுதிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். மிச்சக் கதையை 2024 வரை மற்றவர்கள் சுமந்தார்கள். மனிதருக்கு அஸ்திவாரம் போடுவதில் இருக்கிற ஆர்வம் கூரை வேய்வதில் கிடையாது.

இந்தத் தொடரிலும் முதல் பன்னிரண்டு இதழில் வில்லன் கிங்பின்னைப் பற்றி எவ்வளவு கட்டி எழுப்பினார்! பியூகிள் பத்திரிகையையே அவன் கையில் கொடுத்து, ஜேமிசனும் பென் மாமாவும் வேலையை உதறிவிட்டுத் தனியாகப் பத்திரிகை தொடங்கி, இனி பேனாவும் முகமூடியும் சேர்ந்து அவனைக் கவிழ்க்கப் போகின்றன என்று நம்பவைத்தார். அப்புறம் பார்த்தால் ஆளைத் தூக்கி டைனோசர் காட்டில் போட்டுவிட்டார். எனக்கு டைனோசர் வேண்டாம் சார், அந்தப் பத்திரிகை ஆபீஸ் வேண்டும். இரண்டு கிழவர்கள் தலையங்கத்துக்காக அடித்துக்கொள்வதை நான் நாற்பது இதழ் படிப்பேன்.

நிறுத்துவது நல்லதுதான். இன்னும் இழுத்தால் அவர் போய்விடுவார், வேறு யாராவது வந்து, பழைய தொடரில் செய்த மாதிரி, மேரி ஜேனுக்குப் பால் (Paul) என்று இன்னொருவனைக் கொண்டுவருவார்கள்.

---

மேரிஜேன் கட்சி பதில்:

தம்பி தாடிக்காரா, உன் முதல் கேள்விக்குக் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது. இந்த உலகத்தைத் திருடியவன் மேக்கர், பழைய அல்டிமேட் உலகத்து ரீட் ரிச்சர்ட்ஸ். அவனைப் பிடித்து அவன் நகரத்துக்குள்ளேயே பூட்டினார்கள் அல்லவா? பூட்டும்போதே இரண்டு வருஷம் கெடு. கதவு திறப்பதற்குள் ஹீரோக்கள் தயாராக வேண்டும். கதையும் காலண்டரும் ஒன்றாக ஓடுகிறது என்றால் இரண்டு வருஷத்துக்கு 24 இதழ், அவ்வளவுதான் கணக்கு. கெடு வைத்த கதையைக் கெடு முடிந்த பிறகும் ஓட்டினால்தான் தப்பு. விற்கிறது என்பதற்காகவா ஓட்ட வேண்டும்? விற்கிறது என்பதற்காக 1962-இலிருந்து மூல ஸ்பைடர்மேன் கதையை ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள், அதில் என்ன ஆனது என்று பார்.

அதைக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும், கொடுக்குப்பூச்சி வேறு பால் பெயரை எடுத்துவிட்டார். பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் 1987-இல் கல்யாணம். நியூயார்க்கில் ஷே ஸ்டேடியத்தில் நடிகர்களை வேஷம் கட்டவைத்து, ஸ்டான் லீயே முன்னால் நின்று நடத்திவைத்தார். இருபது வருஷம் கழித்து ‘ஒன் மோர் டே’ என்ற கதை. குண்டடி பட்டு மே அத்தை சாகக் கிடக்கிறாள். மெஃபிஸ்டோ என்கிற சாத்தான் வந்து, அவளைப் பிழைக்கவைக்கிறேன், பதிலுக்கு உங்கள் கல்யாணத்தைக் கொடு என்கிறான். கொடுத்துவிடுகிறார்கள்! வரைந்தவர் அப்போதைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடாவே. கல்யாணம் ஆனால் பீட்டருக்கு வயதாகிவிடும், பையன்கள் படிக்க மாட்டார்கள் என்பது கம்பெனியின் வாதம். அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, 2022-இல் செப் வெல்ஸ் கதையில் மேரி ஜேனை வேறொரு உலகத்தில் கொண்டுபோய் விட்டு, பால் என்று ஒருவனையும் இரண்டு பிள்ளைகளையும் கொடுத்து, கடைசியில் அந்தப் பிள்ளைகள் நிஜமே இல்லை என்று மறையவைத்தார்கள். அதே சூட்டில் அந்தத் தொடரின் 26-ஆம் இதழில் மிஸ் மார்வெல் என்ற இளம் ஹீரோயினைக் கொன்றார்கள். இரண்டு மாதத்தில் எக்ஸ்-மென் இதழில் அவள் உயிரோடு எழுந்துவந்தாள். துக்கம் விசாரிக்கக்கூட நேரம் இல்லை.

இப்போது ஹிக்மன் என்ன செய்திருக்கிறார் என்று கவனி. இந்த உலகத்தில் பென் மாமா உயிரோடு இருக்கிறார், மே அத்தைதான் இல்லை. நகரத்தில் நடந்த தாக்குதலில் இறந்துவிட்டாள். மெஃபிஸ்டோவிடம் எந்த உயிருக்காகக் கல்யாணத்தை விற்றார்களோ அந்த உயிர் இங்கே போய்விட்டது, கல்யாணம் நிற்கிறது. பிறந்த பெண்ணுக்கு அவள் பெயர். தற்செயல் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். பதினாறு வருஷத்துப் பஞ்சாயத்துக்கு ஒரு வார்த்தை பேசாமல் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

மூன்றாம் இதழை எடுத்துப் பார். உடையோடு அப்பா மகளிடம் மாட்டிக்கொள்கிறான். எந்த நிறம் போடலாம் என்று அவளிடமே யோசனை கேட்கிறான். அந்தச் சிவப்பும் நீலமும் எங்கிருந்து வந்தன என்று அறுபது வருஷமாக யாரும் கேட்டதில்லை. ஓவியர் மார்கோ செக்கெட்டோ அந்தக் குழந்தையின் முகத்தை வரைந்திருக்கும் விதம் இருக்கிறதே, பயம் போய் முதலாளித்தனம் வந்து உட்காரும். இனிமேல் இந்த வேலையில் அவளும் ஒரு பங்குதாரர். பிள்ளை உள்ள வீட்டில் யாருக்கும் அந்த முகம் தெரியும்.

மாத விதியைப் பற்றி நீ சொன்னதில் பாதி சரி. ஹாரி விஷயத்தில் எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் ரிச்சர்ட் கிடையாது. அப்பா ஊரில் இல்லாத நேரத்தில் பையன் உடையை எடுத்து மாட்டிக்கொண்டு ஃபெலிசியா என்ற பெண்ணோடு கூரை கூரையாகத் தாவுகிறானே, அவன் திடீரென்று வளரவில்லை. மாதாமாதம் நம் கண்ணெதிரே ஓர் அங்குலம் உயர்ந்தான். வேறெந்த மார்வெல் தொடரிலாவது பிள்ளைகள் வளர்ந்து பார்த்திருக்கிறாயா? ஃபென்டாஸ்டிக் ஃபோர் வீட்டுப் பிள்ளை ஃபிராங்க்ளின் ரிச்சர்ட்ஸ் 1968-இல் பிறந்தவன், இன்னும் ஹோம்வொர்க் செய்துகொண்டிருக்கிறான்.

---

பழைய பேப்பர் கடை பதில்:

அக்கா சொன்ன மெஃபிஸ்டோ கணக்கு எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. போய் முதல் இதழைத் திரும்ப எடுத்தேன்.

ஒன்று சேர்க்கிறேன். முதல் அல்டிமேட் உலகம் 2000-இல் எழுத்தாளர் பெண்டிஸும் ஓவியர் மார்க் பேக்லியும் தொடங்கியது. 111 இதழ் ஒரே ஜோடி. 2011-இல் 160-ஆம் இதழில் அந்தப் பீட்டர் தன் வீட்டு வாசலிலேயே செத்தான், மாமாவைக் காப்பாற்ற முடியவில்லை, அத்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியோடு. அவன் இடத்துக்கு மைல்ஸ் மொராலஸ் வந்தான். அப்புறம் நான்கு வருஷம் அந்த உலகம் இழுபறியாகக் கிடந்து, 2015-இல் ‘சீக்ரெட் வார்ஸ்’ வந்து துடைத்துப்போட்டது. அதை எழுதியவரும் இதே ஹிக்மன்தான். ஒரு உலகம் தேவைக்கு மேல் நீண்டால் என்ன கதி என்று பக்கத்திலிருந்து பார்த்தவர். அதனால் இந்த முறை முன்கூட்டியே தேதி குறித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். கொடுக்குப்பூச்சி சொல்கிற எக்ஸ்-மென் கதை வேறு. அங்கே மற்ற எழுத்தாளர்கள் தீவை விட்டு வர மறுத்தார்கள், இவர் விலகிக்கொண்டார்.

மாத விதி கெடுத்தது ஸ்பைடர்மேனை அல்ல, அதில் எழுதுபவரின் சோம்பலைத்தான் காட்டிக்கொடுத்தது என்பேன். அதே விதியை வைத்துக்கொண்டு டெனிஸ் கேம்ப் அல்டிமேட்ஸ் தொடரில் என்ன செய்கிறார் பாருங்கள். நான்காம் இதழ் டூம் என்ற பாத்திரத்தின் கதை. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு காலங்கள் அடுக்கடுக்காக ஓடும். பக்கமாகவும் படிக்கலாம், ஒரே வரிசையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போய்த் திரும்ப வந்து அடுத்த வரிசையையும் பிடிக்கலாம். இருபது சொச்சம் பக்கத்தில் ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கை.

---

தாடிக்கார பீட்டர் பதில்:

அக்கா, ரிச்சர்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஹாரியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான்காம் இதழில் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரித்த நான்கு பேரில் ஒருவன் போய்விட்டான். மிச்ச மூன்று பேரும் அதே மாதிரி ஒரு மேசையில் ஒரு முழு இதழ் உட்கார்ந்திருக்க வேண்டாமா? டைனோசருக்குக் கொடுத்த பக்கங்களில் அதைச் செய்திருக்கலாம். இதில் கொடுக்குப்பூச்சி கட்சிதான் நான்.

கெடு வாதம் சரி. ஆனால் மேக்கர் கதவு எண்ட்கேமில் திறக்கிறது, அதை எழுதுவது ஹிக்மன் இல்லை. அப்படியானால் 24-ஆம் இதழில் இவர் எதை முடிப்பார்? கிங்பின்னையா, குடும்பத்தையா? குடும்பத்தை முடித்தால் போதும் எனக்கு. உலகத்தை யாராவது காப்பாற்றிக்கொள்ளட்டும்.

பேப்பர் கடை அண்ணே, அல்டிமேட்ஸ் இதுவரை நான் தொடவில்லை. ஸ்பைடர்மேன் மட்டும் படித்தவன் எண்ட்கேம் படித்தால் புரியுமா? தனித்தனி இதழாக வாங்கக் கட்டுப்படியாகாது, தொகுப்புதான். என் பெண் முதல் தொகுப்பில் ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவால் கைவரிசை காட்டிவிட்டாள், மேரி ஜேனுக்கு இப்போது மீசை இருக்கிறது.

---

பழைய பேப்பர் கடை பதில்:

புரியாது தம்பி. மேக்கர் யார், டோனி எதற்கு அந்த உருண்டையை அனுப்பினான் என்பதற்கு முதலில் 2023-இல் வந்த ‘அல்டிமேட் இன்வேஷன்’ படி. நான்கே இதழ், ஹிக்மன் எழுதி பிரையன் ஹிட்ச் வரைந்தது. அப்புறம் நேராக அல்டிமேட்ஸ் தொகுப்புகள். எக்ஸ்-மென் பீச் மொமோகோ வரைகிற தனிப்பாதை, பிடித்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிளாக் பாந்தரை எண்ட்கேமுக்காக வாங்க வேண்டாம். தொகுப்பைப் பெண்ணின் கைக்கு எட்டாத அலமாரியில் வை.

---

மேரிஜேன் கட்சி பதில்:

மீசை வைத்த பக்கத்தைப் படம் எடுத்துப் போடு தம்பி.