புதுப்பிப்பு: காரைக்குடி கேரவனின் எடைச் சீட்டு வந்துவிட்டது

வேனில் கட்டில், சமையல் மேடை, ஏ.சி. பொருத்திக் கேரவனாக மாற்றிய பழைய வண்டியை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி, காரைக்குடியிலேயே எடை மேடையில் ஏற்றிப் பார்த்தோம். ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடை 1,900 கிலோ, மொத்த எடை வரம்பு 3,000 கிலோ என்றிருக்க, ஓட்டுநர் இறங்கி, தண்ணீர்த் தொட்டியும் காலியாக இருந்தபோதே சீட்டில் 2,640 என்று வந்தது. விற்பவர் சொன்ன 'ஒரு டன் தாங்கும்' என்பது, மாற்றம் செய்வதற்கு முந்தைய கணக்கு. மீதமுள்ள 360 கிலோவில் 150 லிட்டர் தண்ணீரே 150 கிலோவை எடுத்துக்கொள்ளும். பிள்ளையார்பட்டிக்குப் புறப்படும் ஐந்து பேர் ஏறினாலே வரம்பு தாண்டிவிடும் (ஆச்சியின் பித்தளை அண்டாவை இன்னும் சேர்க்கவில்லை). பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தித் தனியாக எடுத்ததில், தொட்டியும் பேட்டரியும் இருக்கும் பின்பக்கத்திலேயே பாரம் குவிந்திருப்பது தெரிந்தது. மாற்றத்தை ஆர்.சி.யில் பதியவும் இல்லை. விலையைக் குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.