ஹால் கம்பளத்தில் சிறுநீர் கழிக்கும் பூனை: அறையில் அடைப்பதா, பெட்டியை மாற்றுவதா?

அல்சூர்வாசகி | காலை 9:14

மூன்று வயது ஆண் பூனை, நாட்டு ரகம், கருத்தடை ஆனது. பெங்களூரு அல்சூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், வேறு பூனை இல்லை. அது கழிப்பதற்கான மணல் பெட்டி மூடி போட்டது, சமையலறையை ஒட்டிய யூட்டிலிட்டியில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது. லாவண்டர் வாசனை சேர்த்த பென்டோனைட் (களிமண் வகை) மணல். மலம் எப்போதும் பெட்டிக்குள்தான். சிறுநீர் மட்டும் வாரத்துக்கு நான்கைந்து தடவை ஹால் கம்பளத்தில், சோபா ஓரத்தில் ஒரே மூலையில். ஜூனில் ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் ஃபினாயில் ஊற்றித் துடைக்கிறோம், மறுபடியும் அங்கேயே போகிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஜெயநகர்4வதுபிளாக் | காலை 9:40

கம்பளத்தை இன்றைக்கே சுருட்டி எடுத்துவிடுங்கள். பூனையை ஒரு சின்ன அறையில் பத்து நாள் வையுங்கள். டைல்ஸ் தரையாக இருக்க வேண்டும். மிதியடி, மெத்தை விரிப்பு, அழுக்குத் துணிக்கூடை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஒரு முனையில் பெட்டி, எதிர் முனையில் சாப்பாடு, தண்ணீர், படுக்கை. காலையும் மாலையும் அரை மணி நேரம் உள்ளே போய் விளையாடுங்கள், தனியே விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து ஏழு நாள் எல்லாம் பெட்டிக்குள் நடந்தால், பெட்டியில் சிறுநீர் கழித்த கையோடு ஒரு மணி நேரம் ஹாலுக்கு விடுங்கள். பிறகு மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டலாம். பழக்கம் ஒவ்வொரு தடவையும் கெட்டிப்படும் விஷயம். கம்பளம் கண்ணில் படும்வரை வேறு எந்த வைத்தியமும் பாதிதான் பலிக்கும்.

மூன்றாம்மாடி | காலை 10:05

இதை ஏற்க முடியவில்லை சார். அந்தப் பெட்டியோடேயே அறையில் அடைத்தால், பிடிக்காத இடத்தில் வேறு வழியில்லாமல் போகும். கதவைத் திறந்த மறுநாள் கம்பளம் இல்லாவிட்டால் சோபா மெத்தை, இல்லாவிட்டால் கட்டில். விவரத்தை மறுபடி படியுங்கள். மூடி இருக்கிறது, அதனால் அமோனியா வாடை உள்ளேயே தங்கும். லாவண்டர் நம் மூக்குக்கு இதம். பூனையின் மோப்பம் நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மையானது. பக்கத்திலேயே வாஷிங் மெஷின். பூனை குந்தியிருக்கும்போது மெஷின் ஒரே ஒரு தடவை ஸ்பின்னில் அதிர்ந்தாலும் போதும், அந்த இடம் அதன் நினைவில் ஆபத்தாகப் பதிந்துவிடும். சுவரோரச் சந்து வேறு, தப்பிக்க ஒரே வழி. இத்தனை குறை பெட்டியில் இருக்கும்போது பழக்கத்தின் மேல் பழி போடுவது நியாயமா?

அல்சூர்வாசகி மேடம், பெட்டியின் நீளம் என்ன? உள்ளே போனதும் பூனை என்ன செய்கிறது?

அல்சூர்வாசகி | காலை 10:31

நீளம் 42 செ.மீ. பூனை மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 46. முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் வைத்துக்கொண்டு நிற்கிறது, மணலைத் தோண்டுவதில்லை, முடிந்ததும் மூடாமல் வெளியே குதித்து ஓடுகிறது.

மூன்றாம்மாடி | காலை 10:52

அது மணல் காலில் படக் கூடாது என்று பார்க்கிறது. பெட்டி வெறுப்புக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கம்பளத்தின் மேல் ஆசை வந்த பூனை வேறு மாதிரி நடக்கும்: பெட்டியில் ஒழுங்காகத் தோண்டும், ஆனால் குளியலறை மிதியடி, கம்பளி, சோபா என்று மெத்தென்ற பரப்பு எங்கே கிடைத்தாலும் அங்கும் போகும்.

பெட்டி பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். உங்கள் பூனைக்கு 69, அதாவது 70 செ.மீ. பெட் ஷாப்பில் அந்த அளவு தேடி அலைய வேண்டாம். கட்டிலுக்கு அடியில் துணி போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா போதும். மூடியைத் தூக்கிப் போடுங்கள். ஒரு பக்கச் சுவரில் தரையிலிருந்து 12 செ.மீ. விட்டு வாசல் வெட்டுங்கள், வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். வாசனை சேர்க்காத, பொடிப்பொடியான, கட்டி பிடிக்கும் பென்டோனைட், 5 முதல் 7 செ.மீ. ஆழம். காலை மாலை இரண்டு வேளையும் கட்டியை அள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மொத்த மணலையும் கொட்டி, வாசனை இல்லாத சோப்பால் கழுவிக் காயவையுங்கள். அள்ளிய மணலைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். பென்டோனைட் தண்ணீர் பட்டால் ஊதிக் குழாயை அடைக்கும். செய்தித்தாளில் சுற்றி, ஈரக் குப்பையிலும் உலர் குப்பையிலும் சேராத ரிஜெக்ட் குப்பையில் போடுங்கள்.

பூனை ஒன்று என்றால் பெட்டி இரண்டு. ஒன்றை ஹாலில், அந்த மூலையிலேயே வையுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. மூன்று வாரம் சுத்தமாகப் போன பிறகு நாளுக்கு ஒரு சாண் வீதம் நிரந்தர இடத்துக்கு நகர்த்துங்கள். இன்னொன்றைப் படுக்கையறைப் பக்கம் வைக்கலாம். யூட்டிலிட்டி வேண்டவே வேண்டாம். மெஷின் ஒரு பக்கம், குக்கர் விசில் ஒரு பக்கம்.

ஹெப்பாள்மாணவி | காலை 11:20

இரண்டு பேருமே ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள். மலம் பெட்டிக்குள், சிறுநீர் மட்டும் வெளியே என்றால் சிறுநீர்ப்பையைப் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் பூனை அந்த வலியைப் பெட்டியோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும், பிறகு வேறு இடம் தேடும்.

வழக்கமாக மணலில் ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு சிறுநீர்க் கட்டி வரும். கட்டிகள் சின்னச் சின்னதாகி எண்ணிக்கை கூடினால், சிறுநீரில் இளஞ்சிவப்பு தெரிந்தால், பூனை அடிக்கடி குறியை நக்கினால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்து ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது அவசரம், இரவு இரண்டு மணியானாலும் கிளம்பிவிட வேண்டும். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும், இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து நேரத்தை விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிறுநீர்ப் பரிசோதனைக்குத் தரையில் சிந்தியதை உறிஞ்சிக்கொண்டு போகாதீர்கள். டாக்டர் வயிற்றின் வழியே மெல்லிய ஊசியால் எடுப்பார். கிருமி இருக்கிறதா என்று பார்க்க அதுதான் சரியான மாதிரி. அடர்த்தி, அமிலத்தன்மை, படிகம், ரத்த அணுக்கள் எல்லாம் அதில் தெரியும். இளம் பூனைகளில் பெரும்பாலும் கிருமியே இருக்காது, காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சிதான் இருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக் பயன் தராது. பத்து வயதைத் தாண்டிய பூனை என்றால் கதை வேறு: கிருமித்தொற்று, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, மூட்டுவலி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

வீட்டு வைத்தியமாக எரிச்சலுக்கு மனிதர்கள் குடிக்கும் சிட்ரேட் சிரப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அது சிறுநீரைக் காரத்தன்மைக்குத் தள்ளும். பூனையின் சிறுநீரில் உண்டாகும் ஸ்ட்ரூவைட் என்ற படிகம் காரத்தில்தான் வளரும். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு, கால் மாத்திரைகூடக் கொல்லும்.

ஜெயநகர்4வதுபிளாக் சாருக்கு ஒன்று. அந்த அழற்சிக்கும் மன அழுத்தத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சிறுநீர்ப்பை சரியில்லாத பூனையைப் பத்து நாள் தனியறையில் போட்டால் நோய் கூடலாம்.

ஜெயநகர்4வதுபிளாக் | நண்பகல் 12:08

டாக்டர் முதலில் என்பதை மறுக்கவில்லை, நான் எழுதாமல் விட்டது தவறு. பெட்டியை மாற்ற வேண்டும் என்பதும் சரி. ஆனால் மூன்றாம்மாடி சொல்லும் வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஜூனிலிருந்து வாரம் நான்கைந்து என்றால் இதுவரை எத்தனை தடவை ஆகியிருக்கும்? வெறுப்பில் தொடங்கிய பழக்கம் இவ்வளவு நாளில் விருப்பமாகவே மாறியிருக்கும். புதுப் பெட்டி வைத்தாலும் பழைய மூலைதான் இழுக்கும். கம்பளம் போக வேண்டும் என்பதில் நான் பின்வாங்க மாட்டேன். ஃபினாயிலால் நன்றாகத் துடைத்து வெயிலில் போடுங்கள்.

கம்பளம்_சிவாஜிநகர் | நண்பகல் 12:35

ஃபினாயிலை முதலில் நிறுத்துங்கள். கறுப்பு ஃபினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைகளைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. காலில் ஒட்டும், நக்கும், உடம்புக்குள் போகும். வெள்ளை ஃபினாயிலின் பைன் எண்ணெயும் ஆகாது. பிளீச் ஊற்றினால் சிறுநீரிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும் வாயு கிளம்பும். இவை எல்லாவற்றுக்கும் மேல், இவற்றால் நாற்றம் போகாது. சிறுநீரிலுள்ள யூரிக் அமிலப் படிகம் தண்ணீரில் எளிதில் கரையாது. காய்ந்த நாளில் வாடை இருக்காது, காற்றில் ஈரம் ஏறினால் திரும்ப எழும். மழைக்காலத்தில் பிரச்சனை கூடியதுபோல் தெரிய அதுவும் ஒரு காரணம்.

என்சைம் கிளீனர்தான் அந்தப் படிகத்தை உடைக்கும். அதற்கு முன்னால் கம்பளம் எந்த நூல் என்று சொல்லுங்கள். காஷ்மீர் கம்பளி, பட்டு என்றால் புரதத்தை உடைக்கும் புரோட்டீயேஸ் கலந்த என்சைம் போடக் கூடாது. கம்பளியும் புரதம்தான், நூலையே அரித்துவிடும்.

அல்சூர்வாசகி | மதியம் 1:10

பாலிப்ரொப்பிலீன். கீழே ஃபோம் பேட்.

கம்பளம்_சிவாஜிநகர் | மதியம் 1:42

அப்படியென்றால் பயமில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். சிறுநீர் மங்கலான மஞ்சள்பச்சையாகத் தெரியும். பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்வது சலவைத்தூள் மிச்சம், ஏமாறாதீர்கள். கறையைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

என்சைமுக்கு முன்னால் ஃபினாயில் மிச்சத்தைக் குளிர்ந்த தண்ணீரால் இரண்டு மூன்று முறை நனைத்து, பழைய துண்டால் அழுத்தி அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது, வெந்நீரும் ஸ்டீமும் கூடாது, கறை பிடித்துக்கொள்ளும். கிருமிநாசினி மிச்சம் இருந்தால் என்சைம் வேலை செய்யாது. பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவுக் கறைக்கு 250 மி.லி. ஊற்றுங்கள், கோட்டைத் தாண்டி 10 செ.மீ. வரை. ஸ்ப்ரே அடித்தால் மேல் நூல்தான் நனையும். சிறுநீர் அடியில் போய் அகலமாகப் பரவியிருக்கும். அது இறங்கிய ஆழத்துக்கு இதுவும் இறங்க வேண்டும். மேலே பாலித்தீன் விரித்து 24 மணி நேரம் ஈரம் காக்க வேண்டும், காய்ந்துபோனால் என்சைம் நின்றுவிடும். அப்புறம் எடுத்து ஃபேன் காற்றில் இரண்டு நாள். வாடை மிச்சம் இருந்தால் இன்னொரு முறை.

ஃபோம் பேடைக் காப்பாற்ற முயற்சிக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். ஸ்பாஞ்ச் குடித்ததை எந்த என்சைமும் முழுக்க எடுக்காது. தரையில் டைல்ஸ் இடுக்கையும் அதே கிளீனரால் நனைக்க மறக்காதீர்கள்.

மூன்றாம்மாடி | மதியம் 2:15

கம்பளத்தை எடுப்பதைப் பற்றி ஜெயநகர் சார் சொன்னதற்குப் பதில். பழக்கம் விருப்பமாக மாறியிருக்கலாம், மறுக்கவில்லை. அதைச் சோதிக்காமல் முடிவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரே அளவுத் திறந்த பெட்டி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் பொடி மணல், மற்றதில் புதிதாக வாங்கிய கம்பளத் துண்டு. ஏழு நாள் எதில் எத்தனை என்று எழுதிவையுங்கள். மணலுக்கே போனால் பழைய பெட்டிதான் குற்றவாளி, வேறொன்றும் தேவையில்லை. துண்டுக்கே போனால் துண்டின் மேல் தினமும் ஒரு கை மணல் தூவுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை துண்டை ஓரத்தில் 5 செ.மீ. வெட்டிக் குறையுங்கள். அவசரப்பட்டால் பூனை பின்வாங்கும்; அப்போது முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். ஒரே நேரத்தில் மணல், பெட்டி, இடம் மூன்றையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போகும் என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பெட்டி இவ்வளவு மோசமாக இருக்கும்போது அதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

அல்சூர்வாசகி | மதியம் 2:50

சுவரில் பீய்ச்சுவதாக இருந்தால் வேறு வைத்தியம் என்கிறார்களே? எங்கள் பால்கனிக்கு எதிரில் தெருப் பூனை ஒன்று வந்து உட்காருகிறது.

ஹெப்பாள்மாணவி | மாலை 3:20

குந்தி உட்கார்ந்து கிடைமட்டப் பரப்பில் குட்டையாக விடுவது கழிப்பது. நின்றபடி, வால் நடுங்க, சுவரிலோ சோபாப் பக்கவாட்டிலோ பீய்ச்சுவது எல்லை குறிப்பது. நீங்கள் சொன்னது குந்துவதுதான் என்றால் இது குறியிடல் இல்லை. இருந்தாலும் தெருப் பூனையின் பார்வை அழுத்தம் தரும். பால்கனிக் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். உலர் உணவு மட்டும் போடுகிறீர்கள் என்றால் ஒரு வேளையாவது ஈர உணவுக்கு மாற்றுங்கள், சிறுநீர் நீர்த்துப்போகும். மூக்கைக் கறையில் தேய்ப்பது, அதட்டுவது இரண்டும் வேண்டாம். நீங்கள் பார்க்கும்போது போகக் கூடாது என்று மட்டுமே அது கற்றுக்கொள்ளும், சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும்.

ஜெயநகர்4வதுபிளாக் | மாலை 4:05

அறையில் அடைப்பதை இந்தப் பூனைக்கு வாபஸ் வாங்குகிறேன். பரிசோதனையில் ஒன்றும் இல்லை, புதுப் பெட்டிக்குப் பிறகும் மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் மட்டும் எடுக்க வேண்டிய வழியாக அது இருக்கட்டும். கம்பளத்தில் மாற்றம் இல்லை: என்சைம் போட்டுக் காயவைத்ததும் சுருட்டி வையுங்கள், நாலு வாரம் வெறும் தரை.

மூன்றாம்மாடி | மாலை 4:30

சுருட்டுவதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. கம்பளம் கண்ணெதிரே இருக்கும்போதும் பூனை பெட்டியைத் தேர்ந்தெடுத்தால்தான் குணமானது தெரியும். அந்த மூலையை மட்டும் மூடினால் போதும்: பெட்டி, அதன் வாசல் பக்கத்தை விட்டு மற்றப் பக்கங்களில் அலுமினியத் தாள்.

கம்பளம்_சிவாஜிநகர் | மாலை 4:48

எப்படி முடிவெடுத்தாலும் ஒன்றைச் செய்யுங்கள். திரும்ப விரிக்கும்போது அடியில் ஃபோமுக்குப் பதில் நீர் இறங்காத வினைல் ஷீட் போடுங்கள். ரப்பர் அடிப்பக்க மிதியடி வேண்டாம், அது பல பூனைகளை இழுக்கும்.