திருகோணமலையில் நெடுவாள் பழக்குகிறேன், ஜப்பானிய முறையைக் கலந்தால் கெட்டுப்போகுமா?

உவர்மலையான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜேர்மனியில் இருந்த காலத்தில் நெடுவாள் பழகினேன், அதாவது இரண்டு கையாலும் பிடிக்கிற ஐரோப்பிய வாள், லீக்டனவர் என்ற 14ஆம் நூற்றாண்டு ஆசானின் வழி. அவர் விட்டுப்போனது எளிதில் விளங்காத பாட்டு வரிகள்தான். 15ஆம் நூற்றாண்டில் ரிங்கெக் போன்றவர்கள் எழுதிய உரைகளைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கு எல்லோரும் பழகுகிறார்கள், சித்தர் பாட்டுக்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொல்வது போல. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். பின்னேரங்களில் உவர்மலையில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் சில பெடியன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, கழகம் என்று பெரிதாக நினைக்க வேண்டாம்.

வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கராத்தே பழகினவர்கள். தனியாக நின்று வெட்டச் சொன்னால் குறை சொல்ல இடமில்லை. ஜோடியாக நிறுத்தினால்தான் குழப்பம். ஸோர்ன்ஹாவ் என்கிற கோப வெட்டைத்தான் முதலில் பழக்குகிறேன்: ஒருவர் வலத் தோளிலிருந்து மற்றவரின் தலையை நோக்கி வெட்டுவார், மற்றவரும் அதே மாதிரி அந்த வாளுக்குள்ளேயே வெட்டி, இரண்டு வாளும் ஒட்டியபடி இருக்கும்போதே முனையை முகத்துக்கு நீட்ட வேண்டும். என் முற்றத்தில் நடப்பதோ, வெட்டுகிறவர் பாவம் பார்த்துத் தலைக்கு ஒரு சாண் தள்ளி வெறுங்காற்றை வெட்டுகிறார், இல்லாவிட்டால் எட்டாத தூரத்திலேயே நிறுத்திவிடுகிறார். ஒட்டுவதற்கு அங்கே வாளே இல்லை, ஆனாலும் மற்றவர் பழகின வரிசைப்படி முனையை நீட்டுகிறார், இருவரும் சிரித்துக்கொண்டு பக்கம் மாறுகிறார்கள். பிறகு வரிசை எதுவுமில்லாமல் சுதந்திரமாக மோதுகிற ஸ்பாரிங் விட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடிபட்டு நிற்கிறார்கள்.

ஜப்பானியப் பழைய வாள் பள்ளிகளில் ஜோடிக் கத்தாவில், அதாவது முன்கூட்டியே வகுத்த வரிசைப்படி இருவர் பழகுவதில், மூத்தவர்தான் தோற்கிற பக்கம் நிற்பார் என்று கேள்வி. அந்த முறையை எடுத்து இங்கே போடலாமா? அங்கே என்னோடு பழகினவர்களில் சிலர் கலப்படம் என்று முகம் சுளிப்பார்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பெல்ட் எப்போது கொடுப்பீர்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

மூங்கில்வாள் எழுதியது:

அண்ணா, நான் பிறந்தது நிலாவெளி, இப்போது சிங்கப்பூரில் கெண்டோ பழகுகிறேன், மூங்கில் வாளால் ஆடுகிற ஜப்பானிய வாளாட்டம். தாராளமாகப் போடலாம், ஆனால் மூத்தவர் தோற்பார் என்பதை மட்டும் எடுத்தால் பாதிதான் எடுத்ததாகும்.

அந்தப் பக்கம் நிற்பவருக்கு உச்சிதாச்சி என்று பெயர், இளையவர் ஷிதாச்சி. உச்சிதாச்சியின் வேலை உண்மையான வெட்டைக் கொடுப்பது. இளையவர் அசையாமல் நின்றால் அந்த வாள் அவர் தலையில் வந்துதான் நிற்க வேண்டும். இளையவருக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மூத்தவரின் பொறுப்பு. குறைக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் மெதுவாக வெட்டலாம், ஆனால் இலக்கையும் தூரத்தையும் தொடக்கூடாது. உங்கள் பெடியன்கள் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு இலக்கைப் பொய்யாக்குகிறார்கள். கராத்தேயில் முகத்துக்கு முன்னால் குத்தை நிறுத்திப் பழகின கை அது, லேசில் மாறாது.

இரண்டு புதியவர்களை ஜோடி சேர்த்தால் இது இருவருக்குமே தெரியாது. கெண்டோவில் மோட்டோதாச்சி என்று அடி வாங்குகிறவர் ஒருவர் நிற்பார். வாள் முனையைக் கொஞ்சம் விலக்கி இடம் காட்டுவார், எதிரில் இருப்பவர் அந்தக் கணத்தில் உள்ளே வர வேண்டும். எப்போது விலக்குவது, எவ்வளவு விலக்குவது என்பதே தனி வித்தை, பழக வருடக்கணக்காகும். ஆகவே கொஞ்ச காலத்துக்கு வெட்டுகிற பக்கம் நீங்களே நில்லுங்கள், எல்லோருக்கும். களைப்புத்தான், வேறு வழி தெரியவில்லை. நிதானமான ஒருவரைப் பார்த்து அந்தப் பக்கத்துக்குத் தனியாகத் தயார்படுத்துங்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து அடிபடுவது பற்றி: கெண்டோவில் அடி சரியாக விழுந்தாலும் ஸன்ஷின் இல்லாவிட்டால் புள்ளி இல்லை. அடித்த பிறகும் எதிராளியை விடாமல் உடலும் மனமும் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் அது. முனை பட்டவுடன் உங்கள் பிள்ளைகள் வாளைத் தொங்கவிடுகிறார்களா என்று பாருங்கள், கட்டாயம் தொங்கவிடுவார்கள். முனை பட்ட பிறகு வாளால் மூடிக்கொண்டு தூரத்துக்கு வெளியே போய் நின்றால்தான் ஒரு தடவை என்று கணக்கு வையுங்கள். அவர்கள் பின்வாங்கும்போது நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு வெட்டுப் போடுங்கள். ஒரு கிழமையில் வித்தியாசம் தெரியும்.

பெல்ட் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கெண்டோவில் தரம் உண்டு, உடையில் எதுவும் தெரியாது.

பழைய_ஏடு எழுதியது:

தம்பி உவர்மலையான், நான் ரொறன்ரோவில் நெடுவாள் பழக்குகிறேன். முகம் சுளிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூங்கில்வாள் சொன்ன இலக்கு, தூரம் எல்லாம் சரி. என் பயம் வேறு. கத்தோரி ஷிந்தோ ரியூ 15ஆம் நூற்றாண்டில் தொடங்கி இன்றுவரை கை மாறிக் கை மாறி வந்த ஜப்பானிய வாள் பள்ளி. அங்கே ஆசான் "கேட்காதே, செய்" என்றால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அத்தனை தலைமுறை நிற்கிறது. நம்முடையது நடுவில் அறுந்துபோன மரபு. 1570இல் மேயர் என்ற ஜேர்மன் வாளாசான் அச்சிட்ட புத்தகம் இருக்கிறது, அதற்கு முந்தைய கையெழுத்து ஏடுகள் இருக்கின்றன, இன்ன வரிக்கு இன்ன அசைவு என்று நாம்தான் ஊகிக்கிறோம். அந்த ஊகத்துக்குக் கத்தா என்று பேர் வைத்துக் கும்பிட்டுப் பழக்கினால் நம்முடைய பிழை அடுத்த தலைமுறைக்குப் பாரம்பரியமாகப் போய்ச் சேரும். மூத்தவர் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், கும்பிடுகிற பக்கத்தை விடுங்கள். "இது ஸ்பாரிங்கில் வேலை செய்யவில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கே ஏட்டைத் திறக்க வேண்டும்.

இன்னொன்று. கத்தாவின் முடிவு முன்கூட்டியே தெரிந்தது, லீக்டனவர் வழி வாளின் அழுத்தத்தைக் கையால் உணர்ந்து முடிவெடுப்பது. கோப வெட்டையே பாருங்கள். எதிராளி மென்மையாக இருந்தால் முனை நேரே உள்ளே போகிறது. அவன் பலமாக அழுத்தி உன் முனையைத் தள்ளினால், அவன் வாளுக்கு மேலால் உன் வாளை எடுத்து மறுபக்கம் வெட்டு என்கிறது உரை. ஆகவே உங்கள் உச்சிதாச்சி வெட்டை உண்மையாகக் கொடுத்துவிட்டு, ஒட்டிய பிறகு பலமா மென்மையா என்பதைச் சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கட்டும். கண்ணை வாளில் வைக்கவே விடாதீர்கள், பதில் மணிக்கட்டில் வர வேண்டும். ஜப்பானிய முறையிலிருந்து உங்களுக்கு நிஜமாகக் கிடைக்கப்போவது இந்த ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம், அதிலும் ஐரோப்பிய வாளாட்ட ஆசான்கள் தடித்த தோல் மார்புக்கவசம் போட்டுக்கொண்டு தனிப்பாடம் எடுக்கும்போது இதைத்தான் செய்கிறார்கள். நாள் முழுக்க அடி வாங்குவதுதான் அவர்கள் தொழில். 1410ஐ ஒட்டிய ஃபியோரே என்ற இத்தாலிய ஆசானின் ஏட்டில்கூட வாளைத் தடுத்து வெல்கிற ஆசானுக்குத் தலையில் கிரீடம், அவர் சொன்னதைச் செய்கிற மாணவனுக்குக் காலில் பொன் பட்டி, அந்த ஆசானையே முறியடிக்கிற எதிர் ஆசானுக்கு இரண்டும் என்று, ஜோடியில் யாருக்கு என்ன வேலை என்பது தெரியும்படி படம் போட்டிருக்கிறது.

உடம்பைக் கலக்காதீர்கள், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கெண்டோவில் வலக்கால் எப்போதும் முன்னால், பின் குதிகால் தூக்கியிருக்கும். நமக்கு வலப்பக்க வெட்டோடு வலக்கால் பின்னாலிருந்து கடந்து முன்னே வர வேண்டும். கதானா என்ற ஜப்பானிய வாளுக்கு ஒரு பக்கம்தான் கூர், நெடுவாளுக்கு இரண்டு பக்கமும். ஸ்வெர்க்ஹாவ் என்ற குறுக்கு வெட்டைப் பெருவிரலை வாள் தட்டையின் கீழே வைத்து, வலப்பக்கமிருந்து பின்கூரால், அதாவது நம்மைப் பார்த்திருக்கிற கூரால், வெட்ட வேண்டும். ஒரு கூர் வாள் பழகின கைக்குப் பின்கூர் என்ற எண்ணமே வராது.

பெல்ட்டுக்குப் பதில்: 16ஆம் நூற்றாண்டு லண்டனில் வாளாசான் சங்கத்தில் நான்கு படிகள் இருந்தன. மேலே ஏற வேண்டுமென்றால் ஊர் பார்க்கப் பல ஆயுதங்களில் பல பேரோடு ஆடிக் காட்ட வேண்டும். பெற்றோரிடம் அதைச் சொல்லுங்கள், கேள்வி நின்றுவிடும்.

கிண்ணியான் எழுதியது:

நான் வாள் பழகினவன் இல்லை, சிறு வயதில் சிலம்படி கொஞ்சம் பழகியிருக்கிறேன். கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டின பறங்கிகளின் வாளைத் திருமலைப் பிள்ளைகளுக்கே பழக்குகிறீர்களே, கோட்டைக்குள் மேய்கிற மான்கள் சிரிக்கப்போகின்றன. சும்மா பகிடிக்குச் சொன்னேன். சரி, பறங்கி வாள்தான் என்றால் எதற்கு ஜேர்மன்காரன், போர்த்துக்கேயன் ஒன்றும் எழுதி வைக்கவில்லையா?

எங்களுக்குப் பழக்கின பெரியவரும் தானே அடிப்பார், நாங்கள் தடுக்க வேண்டும், தடுக்காவிட்டால் கணுக்காலில் விழும். மெதுவாகத்தான் விழும், ஆனால் விழும். அதற்கு ஜப்பான் பேர் எதுவும் அவருக்குத் தெரியாது.

நான் எழுத வந்தது வேறு. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வீட்டிலிருக்கும் வாள், பெரிய கத்தி எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லிப் பொலிஸ் அறிவித்தது ஞாபகம் இருக்கும். இந்த ஊரில் இரும்பு வாளோடு பெடியன்கள் கூடி நின்றால், கூர் இல்லாத வாள் என்று விளக்கம் சொல்வதற்குள் ஜீப் வந்துவிடும். இனியும் தொடரமுன்னே கிராம சேவகரிடமும் பொலிஸிலும் போய்ச் சொல்லுங்கள், என்ன செய்கிறீர்கள் என்று படத்தோடு ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியில் சீல் வாங்கி வையுங்கள். பொழுதுபட்ட பிறகு கடற்கரையில் பழகவே வேண்டாம். பொல்லும் நுரையும் என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பழைய_ஏடு எழுதியது:

கிண்ணியான் நானா, எழுதி வைத்திருக்கிறார்கள். 1651இல் ஃபிகெய்ரேடோ என்ற போர்த்துக்கேயர் மொன்தான்தே என்ற ஆளுயரப் பெருவாளுக்கு ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதினார். சுவாரசியம் என்னவென்றால் அது முழுக்கத் தனியாகச் சுழற்றிப் பழகுகிற வரிசைகள்: ஒடுங்கிய தெருவில் ஒன்று, பல பேர் சூழ்ந்தால் ஒன்று என்று. கராத்தே பிள்ளைகளுக்குத் தனிக் கத்தா கைவந்தது என்றீர்களே தம்பி, கேட்டால் அதைக் கொடுங்கள், நெடுவாளை அதோடு குழப்பாமல்.

மூங்கில்வாள் எழுதியது:

பொல்லும் நுரையும் என்றதும் ஞாபகம் வந்தது. கீறின மூங்கிலைத் தோலுறைக்குள் போட்டுச் செய்கிற ஃபுகுரோ ஷினாய் 16ஆம் நூற்றாண்டில் காமிஇஸுமி நொபுத்ஸுனா என்ற வாளாசான் கொண்டுவந்தது என்பார்கள். மரவாளால் உண்மையான வெட்டைக் கொடுத்தால் எலும்பு முறியும், இதால் கொடுக்கலாம். தோலுக்குப் பதில் கன்வஸ் துணியில் தைக்கலாம், ஆனால் மூங்கிலை ஒவ்வொரு நாளும் உருவிப் பாருங்கள், சிலும்பு கிளம்பினால் எறிந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. யாராவது பழைய கெண்டோ முகக்கவசம் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அது மூங்கில் வாளின் தடித்த நுனிக்குச் செய்தது, கம்பிகளுக்கு இடையில் இடைவெளி அதிகம். நீங்கள் முகத்துக்கு முனை நீட்டுகிறவர்கள், மெல்லிய நுனி கண்ணுக்குள் போகும். கம்பி வலை போட்ட ஃபென்சிங் முகக்கவசம்தான் வேண்டும், அதிலும் பின்தலை திறந்திருக்கும், மெத்தை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். கெண்டோ கையுறையும் இரும்பு வாளுக்குப் போதாது, பெருவிரல் போய்விடும்.

உவர்மலையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய ஏடு அண்ணா, பலமா மென்மையா என்று சொல்லாமல் மாற்றிக் கொடுக்கிற யோசனையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் வெட்டுகிற பக்கம் நானே நிற்கப்போகிறேன். இந்தக் கச்சான் காற்று வெயிலில் அது எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம். கும்பிடுவதில் ஒன்றும் கெட்டுப்போகாது என்றுதான் இன்னும் நினைக்கிறேன், கராத்தே பிள்ளைகள் அது இல்லாவிட்டால் அரட்டை அடிப்பார்கள்.

எஸ்-லோன் பிளாஸ்டிக் குழாய்க்கு மேல் நுரை சுற்றிச் செய்யப் பார்க்கிறேன், ஆனால் பாரம் பிடிபடவில்லை. இரும்புப் பயிற்சி வாள் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும், குழாய் அதில் பாதியும் இல்லை. பாரம் குறைந்தால் இரும்பில் முடியாத துரித வெட்டெல்லாம் பழகிவிடுவார்கள். சுற்றுவதற்கான கறுப்பு நுரையும் இங்கே கடையில் காணவில்லை.

கிண்ணியான் எழுதியது:

பிடிப் பக்கத்துக் குழாய்க்குள் ஈரமில்லாத மணலை இறுக்கி அடைத்து இரண்டு பக்கமும் மூடி போட்டு ஒட்டுங்கள். பாரம் கைக்குக் கிட்ட வரும், நுனி லேசாக இருக்கும். நுரை கடையில் கேட்டால் கிடைக்காது, ஏ.சி. பொருத்துகிறவர்களிடம் கேளுங்கள், குழாய்க்குச் சுற்றி மிஞ்சின துண்டுகளைச் சும்மாவே தருவார்கள்.