சோல் இசைக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

தே. எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு மணி நேர ஆவணப்படத்துக்குச் சப்டைட்டில் போகிறது. வெள்ளி மாலை ஒப்படைக்க வேண்டும். 2003இல் தொடங்கி பிரிட்டனில் சோல் பாட வந்த இளம் பாடகர்கள்தான் பொருள். சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பிறந்த இசைவகை; ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஆன்மா என்று பொருள். பதினாறு வயதில் 'தி சோல் செஷன்ஸ்' பாடிய ஜோஸ் ஸ்டோன், 2006இல் 'பேக் டு பிளாக்' தந்த ஏமி வைன்ஹவுஸ், 2008இல் ஒன்றன்பின் ஒன்றாக வந்த அடெல், டஃபி.

வரிக்கு 42 குறி, ஒரு நேரத்தில் இரண்டு வரி. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். 'சோல்' நான்கு குறி. 'ஆன்ம இசை' இடைவெளியோடு எட்டு. ஏற்கெனவே ஒருவர் பரிந்துரைத்த 'உள்ளுருக்கிசை' பதின்மூன்று.

நீளம் கூடப் பெரிய சிக்கல் இல்லை. படத்தில் ஒருவர் சொல்கிறார்: "சோல் பாடுபவர்கள் நிறைய. இவளிடம்தான் சோல் இருந்தது." முதல் சோல் இசைவகை, இரண்டாவது சோல் ஒரு குணம். இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்தினால்தான் அந்தப் பேச்சு நிற்கும். 'ஆன்ம இசை' என்று போட்டால் தியான வகுப்பில் ஓடும் புல்லாங்குழல் என்று நினைப்பார்கள்.

கூடவே வேண்டியவை: நார்தர்ன் சோல், நியோ சோல், புளூ ஐட் சோல், மெலிஸ்மா (ஒரே எழுத்தைப் பல சுரங்களில் இழுத்துப் பாடுவது). பிரிட்டனில் சோல் திரும்பி வந்தது என்று பத்திரிகைகள் சொன்ன இந்த மறுவருகைக்கும் ஒரு சொல்.

நா.க. எழுதியது:

தம்பி, சொல் உங்கள் வாயிலேயே இருக்கிறது. உயிரிசை.

ஆன்மா வடசொல். ஆவி நம்முடையது, ஆனால் அதை இட்லிப்பானையும் பேயும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. மிஞ்சுவது உயிர். உயிர்த்தல் என்றாலே மூச்சு விடுதல். மூச்சில்லாமல் பாட்டேது?

இதற்கு மேலும் ஒரு பொருத்தம் உண்டு. தமிழில் உயிர் என்பது ஆன்மா மட்டுமன்று. 'ஔகார இறுவாய்ப் பன்னீ ரெழுத்தும் உயிரென மொழிப' என்பது தொல்காப்பியம். சோல் பாடகர் ஒரு சொல்லை எடுத்தால் எதைப் பிடித்து நீட்டுகிறார்? மெய்யையா? ககரத்தையும் தகரத்தையும் நீட்ட முடியுமா? உயிரெழுத்தைத்தான் நீட்டி, வளைத்து, ஐந்தாறு சுரங்களில் இறக்குகிறார். ஆகவே உயிரிசை என்றால் ஆன்மாவின் இசை, உயிரெழுத்தின் இசை, இரண்டும். ஆங்கிலத்துக்கே இல்லாத சிலேடை.

மெலிஸ்மாவுக்கும் இங்கேயே விடை. 'அளபிறந் துயிர்த்தலும் ஒற்றிசை நீடலும் உளவென மொழிப இசையொடு சிவணிய நரம்பின் மறைய என்மனார் புலவர்.' இசையில் எழுத்து தன் அளவைக் கடந்து நீளும், அது யாழ்நூலார் துறை என்று தொல்காப்பியர் அன்றே எழுதிவைத்துவிட்டார். மெலிஸ்மா = அளபெடை. வெள்ளி வரை ஏன் காத்திருக்கிறீர்கள்?

சப்டைட்டில் என்பதைத் துணைவரி என்று எழுதினால் மகிழ்வேன்.

செ. எழுதியது:

> உயிரிசை

ஐயா, சிலேடை அழகுதான். ஆனால் இதைப் படிக்கிறவர் உயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உயிரி எரிபொருள் எல்லாம் பழகிய ஆள். மரம் செடியில் மின்வாய் மாட்டி ஒலி எடுக்கும் ஏதோ சோதனை என்று நினைப்பார்.

அடுத்தது, அதே படத்தில் ஜாஸ் வருகிறது, புளூஸ் வருகிறது, பாப் வருகிறது. அவற்றை அப்படியே விட்டுவிட்டு சோலை மட்டும் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? அது கலைச்சொல் இல்லை, பெயர். அதுவும் வணிகப் பெயர். பில்போர்டு பத்திரிகை தன் கறுப்பின இசைப் பட்டியலுக்கு 1969 ஆகஸ்டில்தான் சோல் என்று பெயர் வைத்தது. அதற்கு முன் ரிதம் அண்ட் புளூஸ். 1982இல் சோலையும் எடுத்துவிட்டு 'பிளாக்' என்று மாற்றினார்கள். கடைக்காரர் பலகை மாற்றுகிற மாதிரி மாறிய பெயருக்கு நாம் தொல்காப்பியத்தில் வேர் தேடுகிறோம்.

'சோல்' என்றே எழுதுங்கள். சகரம் அ, ஐ, ஔ தவிர்த்த உயிரோடு முதலில் வரலாம்; லகர ஈறும் ஆகும். கிரந்தமும் வேண்டாம். இலக்கணமே தடுக்காத விருந்தாளியை நாம் ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்?

நா.க. எழுதியது:

> 'சோல்' என்றே எழுதுங்கள்

எழுதுங்கள். பிறகு சோல் + இசை = சோலிசை. நெல்லைப் பக்கம் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "யாரோட சோலி முடிஞ்சுது?" என்று கேட்பார்.

உயிரி + இசை என்றால் யகர உடம்படுமெய் வந்து உயிரியிசை ஆகும். உயிர் + இசைதான் உயிரிசை. புணர்ச்சி தெரிந்தவருக்குக் குழப்பம் வராது.

செ. எழுதியது:

புணர்ச்சி தெரிந்தவர் இரண்டு வரியை மூன்று நொடியில் படித்தாக வேண்டும் ஐயா.

ம. எழுதியது:

இருவரும் தேவாலயத்தை மறந்துவிட்டீர்கள். அது இல்லாமல் இந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

1954இல் ரே சார்ல்ஸ் ஒரு சுவிசேஷப் பாட்டின் மெட்டையும் உருவையும் எடுத்து, கர்த்தர் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்தார். தெய்வநிந்தனை என்று சபையில் பலர் கொதித்ததற்குக் காரணம், கேட்ட உடனே எங்கிருந்து எடுத்தது என்று தெரிந்ததுதான். சாம் குக் பாடிப் புகழ்பெற்ற சுவிசேஷக் குழுவுக்கே சோல் ஸ்டிரர்ஸ் என்றுதான் பெயர். ஆகவே இது பொதுவான உயிர் அல்ல, வேதாகமத் தமிழில் சொல்கிற ஆத்துமா. தத்துவத்து ஆன்மா வேறு, ஞாயிற்றுக்கிழமை ஆத்துமா வேறு. தமிழ்க் கிறிஸ்தவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

பாட்டின் அமைப்பும் சபையிலிருந்து வந்ததே. முன்பாடுபவர் ஒரு வரி எறிகிறார், பின்பாட்டுக்காரர்கள் பிடித்துத் திருப்பி எறிகிறார்கள். 'அழைப்பு–மறுமொழி' என்றெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டாம். எசப்பாட்டு என்று போடுங்கள், கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

நா.க. ஐயாவின் அளபெடையில் எனக்கு ஒரு தடை உண்டு. அளபெடையில் மாத்திரை நீள்கிறது. சுரம் மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே சுரத்தில் நீட்டி நின்றால் அதற்குக் கார்வை என்று தனிப்பெயர் உண்டு. மெலிஸ்மாவில் ஒரு எழுத்து பல சுரங்களில் ஓட வேண்டும், அதுதான் வரையறை. பிருகா நெருங்கி வருகிறது, ஆனால் பிருகா என்றாலே வேகம். மெலிஸ்மா மெதுவாகவும் போகும். கமகம் ஒரு சுரத்தின் அசைவு, அது இதில் சேராது.

'ஓரசைப் பலசுரம்' என்று யாராவது சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன்: நம் யாப்பில் நிரையசை என்பதே இரண்டு உயிர் கொண்டது. 'மலர்' நமக்கு ஒரு அசை, மேற்கத்தியர் கணக்கில் இரண்டு. அங்கேயே கணக்கு உதைக்கும்.

நா.க. எழுதியது:

அம்மா சொன்ன கார்வைத் தடையை ஏற்கிறேன். அப்படியானால் 'உயிரோட்டம்'. உயிரெழுத்து சுரங்களில் ஓடுகிறது. ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல்லும்கூட.

செ. எழுதியது:

வழக்கில் உள்ள சொல் என்பதால்தான் ஆகாது. "அவர் பாட்டில் உயிரோட்டம் அதிகம்" என்று வந்தால் குறையா புகழ்ச்சியா? மெலிஸ்மா அதிகம் என்பது பெரும்பாலும் குறை. ஒரு சொல்லுக்குப் பன்னிரண்டு சுரம் போட்டுப் பாட்டை மூழ்கடிக்கிற போட்டி நிகழ்ச்சிப் பழக்கம். வைன்ஹவுஸ் அதில் சிக்கனம். அடிக்குச் சற்றுப் பிந்தி ஜாஸ் பாடகி போலச் சொல்லை வைப்பார். அடெல் வரியின் முடிவில் குரலை உடைப்பார். படமே இதைப் பற்றிப் பேசும்போது சொல் நடுநிலையாக இருக்க வேண்டும்.

இ. (யாழ்ப்பாணம்) எழுதியது:

மறுவருகைக்கு என்ன சொல் என்று தே. கேட்டதை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதிலைதான் சிக்கல் பெரிசாத் தெரியுது.

மறுமலர்ச்சி ஐரோப்பிய வரலாற்றுக்குப் போய்விட்டது. எழுப்புதல் என்றால் ம. அக்கா சொல்லும் சபைக்குள்ளே கொண்டுபோய் விட்டுவிடும், எழுப்புதல் கூட்டம் மாதிரி. மீட்சி, மீளெழுச்சி எல்லாம் செத்தது எழும்பி வந்தது என்று சொல்லுகின்றன. செத்ததா? 1989இல் சோல் டு சோல் குழு பிரிட்டன் பட்டியலில் முதலிடம். 1991இல் ஓமர். பிறகு பெவர்லி நைட். வைன்ஹவுஸ் 'பேக் டு பிளாக்' வெளியிட்ட அதே 2006இல் லீட்ஸிலிருந்து கொரின் பெய்லி ரே. கறுப்பினப் பாடகர்கள் இடைவிடாமல் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். வெள்ளை முகங்கள் பாடத் தொடங்கின நேரத்துக்குப் பத்திரிகை வைத்த பெயர்தான் மறுவருகை. அந்தப் பெயரை நாங்களும் 'மீட்பு' என்று மொழிபெயர்த்தால் அந்தக் கதையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளுகிறோம்.

'புது அலை' என்று போடுங்கோ. அலை திரும்பத் திரும்ப வரும், கடல் சாகிறதில்லை.

நா.க. எழுதியது:

இ. அவர்கள் அறியாமலே தொட்டுவிட்டார். ஆங்கிலச் சொல்லின் பழைய செருமானிய மூலம் கடலோடு தொடர்புடையது என்று ஒரு கருத்தே உண்டு. உயிர்கள் கடலிலிருந்து வந்து கடலுக்கே திரும்பும் என்ற நம்பிக்கை. நெய்தல் திணையின் இரங்கலோடு இதை ஒப்பிட்டு...

செ. எழுதியது:

ஐயா, வியாழன் ஆகிவிட்டது.

'புது அலை'க்கு என் ஒப்பு உண்டு. ஆனால் நியோ சோலைப் 'புதுச் சோல்' என்று போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நியோ சோல் 1990களின் அமெரிக்கச் சரக்கு. டி'ஏஞ்சலோ 1995, எரிக்கா பாடு 1997. ஹிப்ஹாப் தாளம் அதில் அடித்தளம். வைன்ஹவுஸ் செய்தது நேர்எதிர், 1960களின் ஒலியை அப்படியே கட்டி எழுப்புவது. இதற்குப் 'பழம்பாணிச் சோல்' என்று தனிப்பெயர் கொடுங்கள், நியோவை நியோவாகவே விடுங்கள்.

பழம்பாணி என்றால் என்ன என்பதும் படத்தில் வரும் என்பதால் சொற்களைத் தருகிறேன். 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் பாதிக்கு வாசித்தவர்கள் டாப்கிங்ஸ் குழுவினர். பதிவு புரூக்ளினில் டாப்டோன் கூடத்தில். தாள வாத்தியம், பியானோ, கிட்டார், பேஸ் எல்லாம் ஒரே அறையில், ஒரே நேரத்தில். ஒருவருடைய மைக்கில் மற்றவருடைய ஒலி நுழையும். இதற்குக் 'கசிவு' என்று போடுங்கள். இன்றைய கூடங்களில் கசிவு குற்றம். இங்கே அதுதான் ருசி. அறையே ஒரு வாத்தியம் ஆகிறது. விலை என்னவென்றால், கிட்டார்காரர் தவறினால் அவரை மட்டும் வெட்டி எடுக்க முடியாது, எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். அந்தக் கூடத்து டேப்பில் எட்டே தடங்கள். அதனால் தாளத்துக்கு ஒன்றோ இரண்டோ தடம்தான் ஒதுக்க முடியும். உதை முரசும் ஸ்னேர் முரசும் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதைப் பதியும்போதே முடிவு செய்தாக வேண்டும். பிறகு பிரிக்க வழியில்லை.

இன்னொன்று தாளம். நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் விழும். மெம்ஃபிஸில் 1965இல் வில்சன் பிக்கெட் பதிவுக்காக அந்த இரண்டையும் நான்கையும் வேண்டுமென்றே இழை பிந்தி அடித்தார்கள். கணினியில் கட்டத்துக்குள் பொருத்தினால் அந்தப் பிந்தல் போய்விடும், பாட்டு விறைத்து நிற்கும். 'பிந்தடி' என்று வைக்கலாமா?

நா.க. எழுதியது:

பிந்தடி நன்று. முந்தடிக்கு எதிர்ச்சொல்லாகவும் நிற்கும். பார்த்தீர்களா, தமிழால் முடிகிறது.

ம. எழுதியது:

புளூ ஐட் சோல் பாக்கி. பிலடெல்ஃபியா வானொலி அறிவிப்பாளர் ஜார்ஜி வுட்ஸ் 1960களில் வெள்ளைப் பாடகர்களைக் குறித்துச் சொன்னது. 'நீலக்கண் சோல்' என்று வைத்தால் நம்மவருக்குக் கண்ணன்தான் தோன்றுவான். நாம் அந்தக் கண்ணைப் பூனைக்கண் என்போம், அது இங்கே கேலி ஆகிவிடும். 'வெள்ளையர் சோல்' என்று நேராகவே போடுங்கள்.

நார்தர்ன் சோலை 'வடக்கத்திச் சோல்' ஆக்கிவிடாதீர்கள். அந்தச் சொல் நம் ஊரில் இப்போது எங்கெங்கோ இடிக்கிறது. அந்த இசை வடக்கில் பிறந்ததும் இல்லை. டெட்ராயிட், சிகாகோவில் விலைபோகாமல் கிடந்த வேகமான இசைத்தட்டுகளை இங்கிலாந்தின் வடக்கே, மான்செஸ்டரிலும் பிறகு விகன் கசினோ என்ற நடனக்கூடத்திலும், விடிய விடிய ஆடித் தீர்த்தார்கள். கால் வழுக்கிச் சுழல வேண்டும் என்று தரையில் டால்கம் பவுடர் தூவுவார்கள். பெயர் வைத்தவர் டேவ் காடின், லண்டன் கடைக்காரர். வடக்கிலிருந்து வரும் வாடிக்கையாளர் கேட்கும் சரக்கு என்பதற்காக. ஆகவே 'வட இங்கிலாந்துச் சோல்'. நீளம்தான், பொய் இல்லை.

தே. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒப்படைத்துவிட்டேன். போனவை: சோல், புது அலை, பழம்பாணிச் சோல், நியோ சோல், வெள்ளையர் சோல், வட இங்கிலாந்துச் சோல், எசப்பாட்டு, கசிவு, பிந்தடி. மெலிஸ்மாவுக்கு ஒத்த கருத்து வராததால் 'ஒரே எழுத்தைப் பல சுரத்தில் இழுப்பது' என்று விரித்தே எழுதினேன். இரண்டு இடம்தான், இடம் இருந்தது.

அந்த இரட்டைச் சோல் வசனம் மட்டும் இப்படி வந்தது: "சோல் பாடுபவர்கள் நிறைய. / இவள் குரலில்தான் உயிர் இருந்தது." ஐயாவின் உயிர் ஒரு வரியில் பிழைத்துக்கொண்டது.

நா.க. எழுதியது:

ஒரு வரியில் பிழைத்தது அறுபது வரியிலும் பிழைத்திருக்கும். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

கூடவே ஒரு கேள்வி. சோல் தமிழ் இலக்கணத்துக்கு உட்பட்ட சொல் என்று செ. வாதிட்டார். உட்பட்டதென்றால் புணர்ச்சிக்கும் உட்பட வேண்டும். 'லள வேற்றுமையில் றடவும்.' பால் + குடம் பாற்குடம். சோலைப் பாடும் பாடகர், இரண்டாம் வேற்றுமைத் தொகை. சோல் + பாடகர் = சோற்பாடகர். அடெலைச் சோற்பாடகி என்று எழுதிவிட்டீர்களா?

செ. எழுதியது:

அயற்சொல்லுக்கு அந்த விதி இல்லை ஐயா.

நா.க. எழுதியது:

அப்படியானால் அது அயற்சொல்தான் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.