கூலி நிர்ணயித்த பிறகும் வேலைநிறுத்தம் ஏன்? (கிராட்லி ஹீத், 1910)

கேள்வி: இங்கிலாந்தின் கிராட்லி ஹீத்தில் சங்கிலி அடிக்கும் பெண்களுக்கு அரசின் கூலி வாரியம் மணிக்கு இரண்டரை பென்ஸ் நிர்ணயித்தது. அப்புறமும் பத்து வாரம் வேலைநிறுத்தம் எதற்கு?

உலைக்களம்: ஓட்டை, வாரியத்தை உருவாக்கிய 1909ஆம் ஆண்டுத் தொழில் வாரியச் சட்டத்திலேயே இருந்தது. அறிவித்த கூலி முழுக் கட்டாயமாக ஆறு மாதம் ஆகும். அதுவரை தொழிலாளி சம்மதித்துக் கையெழுத்திட்டால் குறைத்தே தரலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடம் முதலாளிகள் படிவத்தை நீட்டினார்கள். பழைய கூலிக்கே சங்கிலியை அடித்துக் குவித்துக்கொள்வதுதான் திட்டம். தொழிற்சங்கத் தலைவர் மேரி மெக்கார்தர் தலைமையில் பெண்கள் மறுத்து நின்றார்கள்.

கணக்கன்: வாரத்தில் 54 மணி நேரத்துக்கு 11 ஷில்லிங் 3 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). ஆனால் வீட்டுப் பட்டறையில் கரிச்செலவு அவர்கள் தலையில்!

உலைக்களம்: சரி. இந்தியாவின் 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அந்தக் கையெழுத்து ஓட்டையை அடைத்தது: குறைந்த கூலிக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றது அதன் 25ஆம் பிரிவு.