அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச முடியாது என்று பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது?

வைகைக்கரையான்:
வயது 31. கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் பைபோலார் நோய்க்கு நான்கு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். முதலில் ஒரு வாரம் தூக்கமே இல்லாமல், கடன் வாங்கி மூன்று பைக் புக் பண்ணினேன், அப்புறம் ஐந்து மாதம் பாயை விட்டு எழவில்லை. பெரியாஸ்பத்திரியில் காட்டித் தேறி, இப்போது மூன்று வருடமாக ஒரு நாள் தவறாமல் வேலைக்குப் போகிறேன். ஆனால் அம்மாவையும் அண்ணனையும் தவிர யாருக்கும் தெரியாது. வார்டில் இருந்த நாட்களுக்கு மஞ்சள் காமாலை என்று அம்மா சொல்லிவிட்டார். அதை நம்பி, போகும்போதெல்லாம் பெரியம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறார். வாங்கிக் குடிக்கும்போது நெஞ்சை அடைக்கிறது.

தாத்தா காலத்திலிருந்து மதுரைச் சித்திரைத் திருவிழாவில் எங்கள் குடும்பம் தோல் பையில் தண்ணீர் சுமந்து அழகருக்குப் பீய்ச்சுகிறது. இந்த வருடம் தோல் பை என் தோளுக்கு என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டார். எங்கள் வீட்டு வழக்கப்படி பதினைந்து நாள் விரதம், ஒரு வேளை சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல், பிறகு அந்த வெயிலில் நடை. டாக்டர் கூடவே கூடாது என்கிறார். முதுகு வலி என்று இன்னொரு பொய் சொல்லலாம். எனக்கு மனசு வரவில்லை.

திருமங்கலத்து அக்கா:
தம்பி, டாக்டர் சொன்னதை மீறாதே. லித்தியமும் ஒரு வகை உப்புதான். வியர்வையில் உடம்பின் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறிவிடும். நானும் லித்தியம் சாப்பிடுகிறவள்தான், எனக்கு அந்த அளவு 0.6க்கும் 1.0க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு பங்குனியில் விரதம் இருந்தேன், தலைவலி தாங்காமல் மருந்துக் கடையில் ஐபுப்ரொஃபென் வாங்கிப் போட்டேன். அதுவும் லித்தியத்தை ஏற்றும். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கடைக்காரர் கேட்கத்தான் செய்தார். பக்கத்தில் எங்கள் தெருக்காரர் நின்றதால் இல்லை என்றேன். மூன்றாம் நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை உதறியது, நாக்குக் குழறியது. அந்த ஒரு "இல்லை"க்கு ஐந்து நாள் ஆஸ்பத்திரி.

அதற்குப் பிறகு யார் நின்றாலும் மாத்திரைப் பேரைச் சொல்லித்தான் வாங்குகிறேன். நீ பெரியப்பாவிடம் தனியாகச் சொல். "நரம்புக் கோளாறு" என்று மழுப்பாமல் நோயின் பேரையே சொல், உப்பு, தண்ணீர் கணக்கையும் சொல். அவருக்குச் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு உன் போனிலிருந்தே போட்டுக் கொடு, இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

பழைய கேஷியர்:
வீட்டில் சொல்வது சரி. கடையில் சொல்வதற்கு முன் நன்றாக யோசியுங்கள். நான் நல்லெண்ணத்தில் முதலாளியிடம் சொன்னேன். யாரும் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, ஒரு மாதத்தில் கல்லாச் சாவி மட்டும் வேறொருவர் கைக்குப் போய்விட்டது, கூட வேலை பார்த்தவர்கள் சத்தம் குறைத்துப் பேச ஆரம்பித்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. யாரிடம் எப்போது சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதற்காக எல்லாரிடமும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை.

கடலாடிக்காரன்:
கேஷியர் அண்ணே, உங்கள் வலி புரிகிறது. ஆனால் மறைத்தே வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறோம். சித்தப்பாவுக்கு மனச்சிதைவு. ஊருக்குத் தெரியக்கூடாது என்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் விட்டார் தாத்தா, காலில் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே இன்னொரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியோடு 28 பேர் செத்தார்கள். அன்றைக்கே அப்பா போய்ச் சித்தப்பாவைக் கூட்டி வந்தார். கணுக்காலில் இரும்பு உரசிய இடத்தில் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது, இப்போதும் அப்படியே இருக்கிறது. இன்று அவர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஆடு மேய்க்கிறார், ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் மாத்திரை வாங்க மறந்தால் டீக்கடைக்காரரே கேட்கிறார். சங்கிலி போடுவதை இப்போது சட்டமே தடை செய்திருக்கிறது. தம்பி, பெரியப்பாவிடம் பேசு.

வைகைக்கரையான்:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பைத்தியமாடா அது?" என்று மெதுவாகக் கேட்டார். பைபோலார்னு ஒரு நோய், மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும் பெரியப்பா என்றேன். உப்பு விஷயத்தை இரண்டு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டார். தோல் பை என் தம்பி முறைக்காரனுக்குப் போகிறது, நான் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறேன். அம்மா கோபத்தில் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, அது சரியாக நாளாகும். கடையில் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை.

பெரியம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அப்ப இத்தனை நாளும் அந்தக் கசப்பை எதுக்குடா குடிச்சே?" என்று அழுதார். கிளம்பும்போது ஒரு சொம்பு மோரை நீட்டி, "உப்புப் போட்டிருக்கேன், குடி" என்றார்.